வெறும் வயிறு

இப்போதுகூட ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை, எழுந்து போய் அந்தக் கதவைத் தட்டி, காலையில ஒரு கை தயிர்சோறு ஊட்டிப்போட்டேனுங்க டாக்டரம்மா, கோவிச்சுக்காதீங்க என்று சொன்னால் தீர்ந்தது, இதற்கென்ன வக்கீல் வாயா வேண்டும் என்று கோகிலவாணி தனக்குள் சொல்லிக்கொண்டாள், சொல்லிக்கொண்டே சேலைக் கொசுவத்தை நீவிவிட்டு நாற்காலியில் இன்னும் கொஞ்சம் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் மேசைமேல் மைனர் இருக்கிறான். பக் நாய். சப்பை மூஞ்சி, சுருட்டின வால், பிதுங்கின கண், நாலு வீட்டுச் சொத்துக்கு வாரிசு மாதிரி ஒரு நடை, அதைப் பார்த்து மகன் நிதீஷ் வைத்த பேர் அது. பேர் வைத்தவன் கனடாவுக்குப் போய்விட்டான், மைனர் இங்கே மூச்சுக்கு அல்லாடிக்கொண்டு கிடந்தான். இன்றைக்கு அவனுடைய மூக்கு ஓட்டையைக் கீறி அகலப்படுத்தி, தொண்டைக்குள் தொங்குகிற சதையை வெட்டி எடுக்கப் போகிறார்கள். இன்னும் மயக்க ஊசி போட்டிருக்க மாட்டார்கள், இப்போதுதானே நர்ஸ் பெண் தூக்கிக்கொண்டு போனாள், முன்னங்காலில் மயிரை மழிக்க வேண்டும், ஊசி குத்த நரம்பு தேட வேண்டும், அதெல்லாம் ஆகும், அவசரமில்லை. பக்கத்தில் அவள் புருஷன் பழனிவேல், கணபதி ஏரியாவில் மோட்டார் உதிரிபாகப் பட்டறை வைத்திருப்பவர், ஒரு கனைப்பில் அத்தனை ஆளையும் ஓடவைக்கிற மனுஷன், மைனரின் கழுத்துப்பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டு உட்காருவதும் எழுவதுமாக இருந்தார். “மூச்சு நல்லா வந்துருமில்ல கோகிலா?” “வந்துருமுங் மாமா.” “வந்துரோணும்.” இதையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார், அவளும் சலிக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு கைதான். கையென்றால் என்ன பெரிய கை, சின்னச் சின்ன உருண்டையாக நாலோ ஐந்தோ. தப்பென்று எவரும் சொல்ல முடியாது. நல்ல காரியத்துக்குக் கிளம்புகிற யாரும் அவள் வீட்டில் ஒரு வாய் தயிர்சோறு வாங்காமல் வாசல் தாண்டினதில்லை. நிதீஷ் பரீட்சைக்குப் போனபோது, விசாவுக்குப் போனபோது, விமானம் ஏறப் போனபோது வேண்டாம் வேண்டாம் என்று கத்தினவன் வாயில் திணித்தே அனுப்பினாள். பேங்க் மேனேஜரைப் பார்க்கப் போகிற பழனிவேல் செருப்பை மாட்டிக்கொண்டே வாயை மட்டும் இந்தப் பக்கம் திருப்புவார், அவள் வைப்பாள், அவர் முழுங்குவார், வைத்த கை யாருடையது என்றுகூட நிமிர்ந்து பார்க்க மாட்டார். அப்படியிருக்க ஒரு வாயில்லாத ஜீவன் கத்திக்குப் போகிறது, அதை வெறும் வயிறாக அனுப்ப மனசு வருமா? வராது. ஊட்டினாள். அவ்வளவுதான் விஷயம். இப்படிச் சொல்லிப் பார்க்கும்போது நன்றாகத்தான் இருந்தது, யாரிடம் சொன்னாலும் அடப் பாவமே, தாய் மனசு என்பார்கள், அவளுக்கே தன்மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது. ஆனால் ஒரு இடத்தில் வந்து சிக்கியது. சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு அவள் குளியலறைப் பக்கம் காது கொடுத்தாள். உள்ளே அவர் தண்ணீர் ஊற்றிக்கொள்கிற சத்தம் கேட்கிறதா என்று பார்த்தாள். கேட்டது. அதற்கப்புறம்தான் ச்சு ச்சு என்று கூப்பிட்டாள். தாய் மனசுக்குக் குளியலறைச் சத்தம் எதற்கடி என்று அவளுக்குள்ளேயே ஒருத்தி கேட்டாள். சும்மா கேட்டது, காதில் விழுந்தது, அதற்கு என்ன செய்ய முடியும் என்று இன்னொருத்தி சொன்னாள். மைனர் ஓடிவந்தான். ஓடிவந்தான் என்பதே பெரிய வார்த்தை, நாலடி வைத்து நின்று, இழுத்து, கர்ர்ரென்று ஒரு சத்தம் போட்டு, மறுபடி நாலடி. அவனுக்குச் சாப்பாடும் மூச்சும் ஒரே நேரத்தில் கைகூடாது. ஒரு உருண்டையை வாங்குவான், தலையைத் தூக்குவான், கண் பிதுங்கும், மூக்கு ஓட்டையில் தயிர் நுரைத்து ஒரு குமிழி வரும், உடையும், அப்புறம் அடுத்த உருண்டை. வெதுவெதுப்பான நாக்கு, உள்ளங்கையை நக்கி நக்கிச் சுத்தம் பண்ணிவிட்டது. சோப்புப் போட்டுக் கழுவியும் அந்த ஈரம் கையில் இருக்கிற மாதிரியே இருந்தது, கைக்குட்டையால் துடைத்துக்கொண்டாள்.

டாக்டர் ஷெரின் சொல்லவில்லையா? சொன்னாள். மலையாளத்துப் பெண், சின்ன வயசு, தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசுவாள், அதனால் ஒவ்வொரு வார்த்தையும் ஆணி அடித்த மாதிரி இறங்கும். போன வாரம் இதே இடத்தில், கோகிலவாணியின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். “அம்மா, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணும் குடுக்கக் கூடாது. மயக்கத்துல வாந்தி வந்தா மூச்சுக்குழலுக்குள்ள போயிரும். மத்த நாயின்னா காப்பாத்திப் பார்க்கலாம். இந்த மூஞ்சிக்கு உள்ள இடமே இல்ல. மனுஷங்க பார்க்க அழகா இருக்கணும்னு சப்பையா வளர்த்து வச்ச ஜாதி, தொண்டைச் சதை மட்டும் பழைய அளவுலயே இருக்கு, எங்க போகும் பாவம்.” அப்போது பழனிவேல் கூட இல்லை, மைனருக்கு வெயில் படக்கூடாதென்று காரை மரநிழலில் நிறுத்தப் போயிருந்தார். மைனருக்கு வெயில் படக்கூடாது. கல்யாணமான புதிதில் மருதமலைப் படியில் வெறுங்காலோடு அவளை நடக்கவிட்டு முன்னால் போனவர்தான், திரும்பிப் பார்க்கவில்லை, சரி, அது பழைய கதை, அதை எதற்கு இப்போது இழுக்க வேண்டும். அவர் வந்து கேட்டபோது, “வெறும் வயிறாக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க” என்று மட்டும் சொன்னாள். ஏன் எதற்கு என்பதைச் சொல்லவில்லை. சொன்னால் பயந்துபோவார் என்றுதான். இல்லை, அவர் பயந்துபோவதைப் பார்க்கப் பிடிக்காமல்தான். இவள் கர்ப்பப்பையை எடுத்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, “லோடு வருது, உங்கக்கா இருக்கால்ல” என்று காரைத் திருப்பினவர், நாய் தொண்டையில் சதை வெட்டப் பட்டறையை இழுத்து மூடிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். இவளும் அன்றைக்கு வெறும் வயிறாகத்தான் போனாள், ஒரு வாய் வைத்து அனுப்ப ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அட, வைத்திருந்தால் செத்திருப்பாய் என்று உள்ளே இருந்தவள் சொன்னாள். கோகிலவாணி சுவரில் இருந்த காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தாள்.

குறட்டைதான் எல்லாவற்றுக்கும் மூலம் என்று அவளுக்கு ஒரு எண்ணம். அவள் குறட்டை விடுவாள். விடுவாள்தான், யார் விடவில்லை? நிதீஷ் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே ஒரு நாள், “உங் கொறட்டைக்கு மில்லுச் சங்கு தேவலாம்” என்று சொல்லித் தலையணையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார், அதோடு சரி, மாடி அவருக்கு, கீழே அவளுக்கு. அவள் அதற்கப்புறம் குப்புறப் படுத்துப் பார்த்தாள், ஒருக்களித்துப் பார்த்தாள், தொண்டைக்கு வெந்நீர் குடித்தாள், காலையில் எழுந்து, நேத்து சத்தம் வரலைல்ல என்று கேட்டாள், மாடியில எங்க கேக்கறது என்றார். நிதீஷ் கிளம்பிப்போக, மைனர் மாடியேறினான். இப்போது மாடியிலிருந்து தளத்தைத் தாண்டிக் கீழே கேட்கிறது குறட்டை, ஈரத் துணியைக் கிழிக்கிற மாதிரி, நின்று நின்று, நின்றால் செத்துவிட்டதோ என்று நினைக்கும்படி நின்று, மறுபடி கிழித்து. அந்தச் சத்தத்தை அவர் நெஞ்சுமேல் போட்டுக்கொண்டு தூங்குகிறார். “பாவம் கோகிலா, படுத்தா மூச்சு அடைக்குது, உக்காந்துட்டே தூங்குது பாரு, தாடையத் தாங்கிப் பிடிச்சிருந்தேன், கையே மரத்துப்போச்சு.” தாடையைத் தாங்கினாராம். கை மரத்துப்போச்சாம். அடேயப்பா, எத்தனை வருஷம் கூட வாழ்ந்தாள், இந்தக் கைக்குத் தாங்கக்கூடத் தெரியும் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. சொல்லவும் முடியாது, நாயைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாள் என்று ஊர் சிரிக்கும், அக்காவே சிரிப்பாள், ஆகவே அவள் பொறாமைப்படவில்லை, ஒரு நாளும் பட்டதில்லை. அதற்குக் கோழி ஈரல் வேகவைத்துப் போட்டது யார்? இவள்தானே. மூஞ்சிச் சுருக்கத்துக்குள் பஞ்சை விட்டு அழுக்கெடுத்தது யார்? இவள்தானே. கேட்டுப் பாருங்கள்.

கதவைத் தட்டிவிடலாம். தட்டியிருப்பாள். சத்தியமாகத் தட்டியிருப்பாள், சற்று முன்னால் அந்த நர்ஸ் பெண் ரெஜினா மைனரை வாங்கிக்கொள்ள வந்தாளே, அப்போதே சொல்லியிருப்பாள், வாய்வரைக்கும் வந்துவிட்டது. “ஏம்மா, ராத்திரிக்கப்புறம் ஒண்ணும் குடுக்கலைல்ல? ஒரு வாய் கூட?” என்று ரெஜினா கேட்டாள். கோகிலவாணி வாயைத் திறந்தாள். திறந்ததை அவளே உணர்ந்தாள், உதடு பிரிந்தது, நாக்கு எழுந்தது. அதற்குள் பழனிவேல் முந்திக்கொண்டு, அந்த ஹாலே கேட்கிற மாதிரி, “என்ன கண்ணு இப்படிக் கேக்கற? எங்கூட்டுக்காரி கையில ஒரு வேலையக் குடுத்தா அது சுத்தமா நடக்கும். இத்தன வருசத்துல ஒரு தப்பு நான் கண்டதில்ல. அவ குடுப்பாளா? பச்சத்தண்ணிகூடக் காட்டியிருக்க மாட்டா” என்றார். பூனைக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் இவளைத் திரும்பிப் பார்த்துப் புன்னகை செய்தாள். கோகிலவாணிக்குக் காது மடல் சூடாகிவிட்டது. இத்தனை வருசத்துல ஒரு தப்பு நான் கண்டதில்ல. எங்கே ஒளித்து வைத்திருந்தார் இதை? அவள் சமைத்ததில் உப்பு சரியாக இருந்தால் பேசாமல் சாப்பிடுவார், கூடினால்தான் வாய் திறப்பார், அதுதான் அந்த வீட்டில் பாராட்டு. இன்றைக்கு நாலு பேர் நடுவில், நாயாஸ்பத்திரியில், கேட்காமலே கொட்டுகிறார். அந்த வார்த்தை இறங்கி வயிற்றில் வெல்லம் மாதிரிக் கரைந்துகொண்டிருக்கும்போது, இல்லீங்க, நான் சோறு போட்டேன் என்று எந்தப் பொம்பளை சொல்லுவாள்? நீங்கள் சொல்லுவீர்களா? திறந்த வாயை மூடி, “ஆமாங்க” என்றாள். ரெஜினா நாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். மைனர் அவள் தோளுக்கு மேலாகத் தலையை நீட்டிப் பழனிவேலைப் பார்க்கவில்லை, இவளைப் பார்த்தான், நாக்கால் மேலுதட்டை ஒரு சுற்று நக்கிக்கொண்டான். காட்டிக்கொடுத்துவிடுவானோ என்று ஒரு கணம் பயந்துவிட்டாள், அத்தனை நன்றாகத் தெரிந்தது அவன் நக்கிக்கொண்டதில் தயிர்ருசி.

இந்நேரம் ஊசி போட்டிருப்பார்கள். உள்ளே ஏதோ மிஷின் பீப் பீப் என்கிறது. இனிமேல் போய்ச் சொன்னால் என்ன ஆகும், ஏன் முன்னாலயே சொல்லலை என்பார்கள். எத்தனை நாய் சாப்பிட்டுவிட்டு ஆபரேசன் பண்ணிக்கொள்ளவில்லை? தெருநாயை வண்டியில் பிடித்துப்போய்க் கருத்தடை பண்ணுகிறார்களே, அதுகளெல்லாம் என்ன வெறும் வயிறாகவா வந்து வரிசையில் நிற்கிறது? டாக்டர்கள் பத்தைச் சொன்னால் இரண்டுதான் நிஜம். தயிர்சோறு குளிர்ச்சி, இந்நேரம் ஜீரணமாகியிருக்கும். ஆகியிருக்காது. ஆகியிருக்கும். கோனியம்மா தாயே, இது ஒன்றை நல்லபடியாக வெளியே கொண்டுவந்துவிடு, இனி அவன் மாடியில் படுத்தால் என்ன, சாமி ரூமில் படுத்தால் என்ன, நான் ஏனென்று கேட்க மாட்டேன், எலுமிச்சை மாலை சாத்துகிறேன். வேண்டிக்கொள்ளும்போதே நெஞ்சுக்குள் ஒரு மூலையில் வேறொரு படம் ஓடியது, அவள் ஓட்டவில்லை, தானாக ஓடியது: மாடியில் சத்தமில்லை, ராத்திரி முழுக்கச் சத்தமில்லை, அவர் தனியாகப் படுத்திருக்கிறார், தூக்கம் வராமல் கீழே இறங்கி வருகிறார், கையில் தலையணை இருக்கிறது. சீ, என்ன ஜென்மம் நீ என்று தன் தொடையிலேயே நறுக்கென்று கிள்ளிக்கொண்டாள். படம் நிற்கவில்லை. அவர் அவள் பக்கத்தில் படுக்கிறார், அழுகிறார், அவள் தலையைக் கோதிவிடுகிறாள். இது நடக்க வேண்டுமென்று அவள் நினைக்கவில்லை. நடந்தால் எப்படி இருக்கும் என்று பார்த்தாள், பார்க்கக்கூடாதா? அப்படியானால் குளியலறைச் சத்தத்தைக் கேட்டது இதற்காகவா? இல்லை. இல்லவே இல்லை. கோனியம்மா, அந்தப் படத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே. “கோகிலா, வேர்க்குதா உனக்கு? நாயிமேல உனக்கும் உசுருதான்” என்றார் பழனிவேல். “இருக்காதுங்களா பின்ன” என்றாள்.

கதவு திறந்தது. டாக்டர் ஷெரின் முகமூடியைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு சிரித்தாள். “நல்லா முடிஞ்சுதுங்க. மூக்கு ஓட்டை ரெண்டும் ஓபன் பண்ணியாச்சு, உள்ள நீளமா இருந்த சதையும் எடுத்தாச்சு. மயக்கம் தெளியறதுதான் பாக்கி, அதுக்கப்புறம் பாருங்க, வேற நாய் மாதிரி மூச்சு விடும்.” பழனிவேல் கைகூப்பிவிட்டார், பட்டறை முதலாளி, அந்தச் சின்னப் பெண்ணுக்கு முன்னால். கோகிலவாணி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள், வந்த மூச்சு எத்தனை பெரிய மூச்சு. பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை, சும்மா கிடந்து பயந்தேன், அந்தக் காலத்தில் நோயாளிக்குக் கஞ்சி கொடுக்காமலா இருந்தார்கள். சொல்லப்போனால் வயிற்றில் ஒரு பிடி இருந்ததால்தான் இத்தனை நேரம் தாங்கியிருக்கிறது, வெறும் வயிறாக வந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ யார் கண்டது. பூனைக்கார அம்மாள், “நல்ல சேதிங்க” என்றாள். “நாம யாருக்குங்க என்ன கெடுதல் செஞ்சோம்” என்றாள் கோகிலவாணி. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் தொடையைக் கிள்ளிக்கொண்டவள்தான், இப்போது கேளுங்கள் அவள் பேச்சை. எலுமிச்சை மாலைக்கு எத்தனை பழம் வேண்டும் என்று யோசித்தாள், சின்ன மாலையே போதும் என்று முடிவு பண்ணினாள். இனி மாடியிலும் சத்தம் இருக்காது, நாயும் சத்தமில்லாமல் தூங்கும், அவரும் தூங்குவார், கீழே இவள் ஒருத்திதான் அந்த வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பாள். இது இப்போதுதான் தோன்றியது. தோன்றியதும் வந்த சந்தோஷத்தில் பாதி வடிந்துவிட்டது.

உள்ளே ரெஜினா கத்தினாள். “மேடம்! மேடம், வாந்தி வருது!” டாக்டர் திரும்பி ஓடினாள், கதவு அடித்துக்கொண்டு மூடியது. அப்புறம் உள்ளேயிருந்து வந்த சத்தங்களை எல்லோரும் கேட்டார்கள், தலையைக் கீழே தொங்கவிடு, உறிஞ்சு உறிஞ்சு, லைட்டப் பிடி, ட்யூப், ட்யூப் போகல, இன்னொரு தடவை, தொண்டை வீங்கியிருக்கு, வழியே தெரியல. நடுவில் ஒரே ஒரு தடவை அந்தப் பழைய சத்தம், துணி கிழிகிற சத்தம், பாதி கிழிந்து நின்றது. பழனிவேல் கதவில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றார். கோகிலவாணி எழுந்திருக்கவில்லை. இப்போது சொன்னால்கூட அவர்களுக்கு உதவுமோ என்னமோ, என்ன வந்து அடைத்திருக்கிறது என்று தெரியுமே என்று நினைத்தாள், நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் கழித்து டாக்டர் வந்தாள். பச்சைச் சட்டையின் முன்பக்கம் ஈரமாக இருந்தது.

“சாரிங்க. போயிருச்சு. வயித்துல சாப்பாடு இருந்திருக்கு. அவ்வளவு சொல்லியிருந்தேன். யாரு குடுத்தது?”

கோகிலவாணி உள்ளங்கையைக் கைக்குட்டையால் இன்னொரு தடவை துடைத்துக்கொண்டாள். அந்த நிமிஷத்தில் பழனிவேல் கதவோரமாகவே சரிந்து தரையில் உட்கார்ந்தார்.

“நாந்தானுங்க,” என்றார். “நாந்தான் குடுத்தேன். குளிக்கப் போறதுக்கு முந்தி ஒரு பிஸ்கட்டு. ஒண்ணே ஒண்ணுங்க. மூஞ்சியப் பாத்துட்டே நின்னுச்சு, மனசு கேக்கல. இவளுக்குத் தெரிஞ்சா திட்டுவான்னுதான் அந்தப் புள்ள கேக்கறப்பக்கூட மறைச்சேன். ஒரு பிஸ்கட்டு என்ன பண்ணிரும்னு நெனச்சுட்டேனுங்க.”

மறைக்கத்தானா அது. ஒரு தப்பு நான் கண்டதில்ல என்று ஹால் கேட்கச் சொன்னது தன் பிஸ்கட்டை மூடி வைக்கத்தானா. கோகிலவாணி அவருடைய உச்சந்தலையைப் பார்த்தாள், வழுக்கை விழுந்த இடம் வியர்த்து மினுங்கியது. வயிற்றில் கரைந்துகொண்டிருந்த வெல்லம் கரையாமல் நின்றுபோயிற்று.

டாக்டர் அவரை விட்டுவிட்டு இவளைப் பார்த்தாள். “பிஸ்கட் மட்டும்தானா? சோறு குடுக்கலையா?”

“சோறா? இவ இருக்கறப்ப எப்படிங்க,” என்று அழுகையோடு பழனிவேலே சொன்னார், இந்தத் தடவை நிஜமாகவே சொன்னார். “இவ கண்டிசனான பொம்பளைங்க. நாந்தான் பாவி.”

டாக்டர் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கோகிலவாணி தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, எழுந்து வந்து புருஷன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். டாக்டர் திரும்பி உள்ளே போனாள். அவர் அப்படியே இவள் மடியில் சாய்ந்துவிட்டார், வெளியாள் இருக்கிறார்களே என்ற வெட்கம்கூட இல்லாமல். தலை எத்தனை கனம். நிதீஷ்கிட்ட என்ன சொல்லுவேன், எங்கையாலயே கொன்னுட்டேனே கோகிலா, எப்படி இனித் தூங்குவேன் என்று விக்கினார். அவள் அவருடைய தலையைக் கோதிவிட்டாள், மெதுவாக, நிறுத்தாமல் கோதிவிட்டாள்.

“அழுவாதீங்க மாமா,” என்றாள். “நீங்கதான் குடுத்தீங்கன்னு நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்.”